கடன் கொப்பியும் கணினியும்: மென்பொருளைச் சிறு தொழிலாகச் செய்தல்

எங்கள் ஊர்களில் கணினி படித்து முடித்த பிள்ளைகளிடம் "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று விடைகள்தான் வரும். கட்டாருக்குப் போவது ஒன்று. கொழும்பில் ஒரு கொம்பனியில் சேர்வது இன்னொன்று. மூன்றாவது, "சொந்தமா ஒரு சொப்ட்வெயார் செஞ்சி விக்கலாம் எண்டு யோசிக்கன்" என்பது. மூன்றாவது விடையைச் சொல்கிறவர்கள் குறைவு. சொல்லிவிட்டு இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு.

இவர்கள் தோற்பது நிரல் எழுதத் தெரியாததால் அல்ல. நன்றாக எழுதத் தெரிந்தவர்களே தோற்றுப்போனதை நான் கண்டிருக்கிறேன். மென்பொருள் விற்பது முதலில் ஒரு வியாபாரம். அந்த வியாபாரத்தின் கணக்கும் ஒழுங்கும் எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதில்லை. கடைகளுக்கான பில், கையிருப்பு, கடன் கணக்கு மென்பொருள் ஒன்றைச் செய்து கிழக்கில் விற்றுவருகிறவன் என்ற முறையில், அந்தத் தொழில் எப்படி இயங்குகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

தையலும் நெசவும்

மென்பொருளில் பிழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்டவருக்குக் கேட்டபடி எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவது. இது தையல்காரர் தொழில். ஆள் வருவார், அளவு எடுப்போம், தைப்போம், கூலி கிடைக்கும். அடுத்த ஆளுக்கு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மற்றது, ஒரு பண்டத்தைச் செய்து பலருக்கு விற்பது. இது மருதமுனை நெசவாளர் தொழில். யார் உடுக்கப் போகிறார் என்று தெரியாமலே நிறமும் கரையும் தெரிவு செய்து, நூல் வாங்கிப் பாவு ஓட்டி, சாரன்களை நெய்து அடுக்குகிறார். விற்காவிட்டால் நட்டம் அவருக்கு. ஆனால் நெசவாளருக்கு ஒவ்வொரு சாரனுக்கும் நூல் வேண்டும். மென்பொருளில் முதலாவது பிரதிக்குத்தான் செலவு முழுவதும். இரண்டாவது பிரதிக்கு நூல் தேவையில்லை. இந்தத் தொழிலின் கவர்ச்சியும் ஆபத்தும் இந்த ஒரு விடயத்தில்தான் இருக்கின்றன.

மார்க்கச் சட்டத்திலும் இவை வேறு வேறு. சொல்லிச் செய்விப்பது இஸ்திஸ்னாஃ. ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்கள் இதைத் தனி ஒப்பந்தமாக ஏற்பதில்லை. ஸலம் விதிகளுக்குள் வந்தால்தான் ஏற்கும். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பொருளின் தன்மை, அளவு, முடிக்கும் காலம் ஆகியவை தெளிவாக இருந்தால் இஸ்திஸ்னாஃ இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. எழுதிக் கொடுக்கும் வேலையில் வரும் சண்டைகளில் பாதி, இந்த மூன்றையும் எழுதாமல் "பிறகு பார்ப்பம்" என்று விட்டதால் வருபவை.

இக்கட்டுரை இரண்டாவது வழியை, அதாவது பண்டமாக விற்பதைப் பற்றியது.

கடையில் இருந்து பார்த்தல்

பண்டம் எங்கிருந்து பிறக்கிறது? வெற்றி பெற்ற சிறு மென்பொருள்களின் கதைகளைப் பார்த்தால், அநேகமாக எல்லாமே செய்தவருக்கு மிக அருகில் இருந்த ஒரு தலையிடியில் தொடங்கியிருக்கின்றன.

இலங்கைக் கணக்காளர்களும் அறிந்த டாலி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வியாபாரம் செய்த ஷியாம் சுந்தர் கோயங்கா தன் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் தன் மகன் பாரத் கோயங்காவிடம் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1986இல் அப்படித் தொடங்கியதுதான் அது. அமெரிக்காவில் ஐபிஎம் ஊழியராக இருந்த ஜிம் நொப்ஃ, தன் தேவாலயச் சபையாரின் முகவரிகளைத் தாளில் அச்சிட ஒரு சிறு நிரல் எழுதினார். அது வளர்ந்து 1982இல் பீசி-ஃபைல் ஆனது. 1984இல் அவர் ஐபிஎம் வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கினார்.

இருவருக்கும் முதல் பாவனையாளர் யார் என்று தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டு மாதம் அறைக்குள் இருந்து எல்லாக் கடைக்கும் பொருந்தும் ஒரு மென்பொருளைச் செய்துவிட்டு, பிறகு கடை தேடிப் போகிறார்கள். எல்லாக் கடைக்கும் பொருந்துவது எந்தக் கடைக்கும் சரியாகப் பொருந்தாது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பதிப்பில் நாற்பது திரைகள் இருந்தன. ஒரு ஹாட்வெயார் கடைக்காரர் அதை வாங்கினார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்று திரைகளைத்தான் பாவித்திருந்தார். மற்ற எல்லாவற்றுக்கும் பழையபடி கொப்பி. பிறகு அவரிடம் அனுமதி கேட்டு, காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு மூன்று கிழமை இருந்தேன். அப்போதுதான் தொழில் புரிந்தது.

ஆணி பெட்டியாக வரும், கிலோவாக விற்கும், சில நேரம் "இருவது ரூவாய்க்குத் தாங்க" என்றும் கேட்பார்கள். வயர் சுருளாக வரும், மீற்றராகப் போகும், பழைய ஆட்கள் இன்னும் யாராகக் கேட்பார்கள். மேசன் வந்து சாமான் எடுப்பார், காசு வீட்டுக்காரர் தருவார். எடுத்தவர் ஒருவர், கடன்காரர் இன்னொருவர். மிஞ்சிய சீமெந்து திரும்பி வரும். நான் செய்திருந்த பில்லில் ஒரு பொருளுக்கு ஓர் அலகு, ஒரு பில்லுக்கு ஓர் ஆள். அது ஹாட்வெயார் கடையின் உலகமே அல்ல.

பாமசியில் தலையிடி வேறு. அங்கே ஒரே மருந்து இரண்டு தொகுதியாக வந்திருக்கும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும். புடவைக் கடையில் ஒரே துணிக்குப் பத்து நிறம். ஆகவே முதல் விதி: ஒரு தொழிலைத் தெரிவு செய்யுங்கள், அதில் மூன்று கடைகளில் போய் இருங்கள், அவர்கள் கொப்பியில் எழுதுவதைப் பாருங்கள். அந்தக் கொப்பியின் நிரல்கள்தான் உங்கள் மென்பொருளின் வரைபடம்.

மின்வெட்டு, வரி, தமிழ் எழுத்து

வெளிநாட்டில் செய்த நல்ல மென்பொருள் இருக்கும்போது உள்ளூர்ப் பண்டத்தை ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்காதவர் விற்க முடியாது. என் விடை, உள்ளூர்த் தலையிடிகள்.

உதாரணமாக, வரி. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே வருடம் செப்டம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. வீதத்தை நிரலுக்குள் எண்ணாகவே எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கடைக்கும் ஓட வேண்டி வந்தது. வீதத்தை ஓர் அட்டவணையில் "எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு" என்று வைத்தவர்கள் ஒரு வரியை மாற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். பழைய பில்லைத் திரும்ப எடுத்தாலும் அன்றைய வீதமே வர வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது தமிழ். கடைகளில் பாவிக்கும் 58, 80 மில்லிமீற்றர் பில் பிறின்டர்களில் அநேகமானவற்றுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழில் பில் வேண்டுமென்றால் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அது கொஞ்சம் மெதுவாகும். வரிசையில் ஆட்கள் நிற்கும் கடையில் அந்த இரண்டு வினாடியும் பெரிதுதான். அதோடு பழைய பொருட் பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அவற்றை அப்படியே உள்ளே எடுத்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றும் வேலையை மென்பொருளே செய்தால், கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

மூன்றாவது மின்சாரம். அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

ஒரு கோப்பு அழிந்த கதை

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் முக்காலி போட்டு இருந்த அந்த ஹாட்வெயார் கடையில் யுபிஎஸ் பற்றரி அடிக்கடி வெட்டுப்பட்டுச் செத்துப்போயிருந்தது. ஒரு பின்னேரம் பில் பதியும் நேரத்தில் மின்சாரம் போனது. தரவுக் கோப்பு கெட்டுவிட்டது.

மின்சாரத்தைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பிழை என்னுடையது. எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதியாக எழுதி முடித்த பிறகே அடுத்ததுக்குப் போகும். அது சற்றுத் தாமதமாகும் என்பதற்காக, வேகம் வேண்டி, அந்தப் பாதுகாப்பை நான் நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் கோப்பின் பிரதி ஒன்றை எடுக்கும்படி செய்திருந்தேன். பிரதி ஒன்றே ஒன்று, அதுவும் அதே வட்டில், பழையதன்மேல் புதியது. மின்சாரம் வந்ததும் கடைப் பையன் இரண்டு மூன்று தரம் திறந்து பார்த்திருக்கிறான். கெட்ட கோப்பு நல்ல பிரதியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மிஞ்சியது ஏழு கிழமைக்கு முன் என் மடிக்கணினியில் நான் எடுத்து வந்த பிரதி மட்டும்.

நான் போனபோது கடைக்காரக் காக்கா சத்தம் போடவில்லை. "தம்பி, சாமான எண்ணிக்கலாம். கடன யாருக்கிட்டப் போய் எண்ணுற?" என்று மட்டும் கேட்டார்.

கொப்பியை விட்டுவிடுங்கள் என்று அவருக்குச் சொன்னவன் நான். அந்த ஏழு கிழமைக் கடனும் எந்தக் கொப்பியிலும் இல்லை. ஒன்பது நாள் அங்கே இருந்து, கிடைத்த துண்டுகள், விநியோகத்தரின் பில்கள் எல்லாவற்றையும் வைத்துத் திரும்பப் பதிந்தேன். வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்தேன். கடன் எடுத்தவர்களுக்கு அவர் உண்மையையே சொன்னார்: "கணக்கு அழிஞ்சி போச்சி, ஒங்களுக்கு ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க." பெரும்பாலானோர் வந்து சொன்னார்கள். சில மேசன்மார் தங்கள் சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சிலர் வரவில்லை. அவர்கள் யார் என்று காக்காவுக்குத் தெரியும். இன்றுவரை எனக்குப் பெயர் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மூன்று விதிகளை மாற்றமில்லாமல் வைத்திருக்கிறேன். வேகத்துக்காகப் பதிவின் பாதுகாப்பைத் தளர்த்துவதில்லை. பிரதிகள் திகதியோடு தனித்தனியாக, குறைந்தது முப்பது நாளுக்கு இருக்க வேண்டும். அதில் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதைத் திறந்து பார்த்துச் சரி என்று உறுதிப்படுத்த வேண்டும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் அறிவோம். மென்பொருளில் ஈரம் எப்போதும் அடியில்தான் இருக்கும். வாங்குகிறவரால் கைவிட்டுப் பார்க்க முடியாது. ஆகவே அறிந்த குறைகளைப் பட்டியலிட்டு, வாங்கும் முன்பே கையில் கொடுக்கிறேன். இதனால் விற்பனை குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். குறையவில்லை. அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு "இதையெல்லாம் சொல்ற ஆள் மிச்சத்தையும் சொல்லுவான்" என்று வாங்கியவர்கள் உண்டு.

விலை

இளைஞர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கானவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்து முடிக்க எட்டு மாதம். வீட்டுச் செலவு மாதம் 100,000 ரூபாய் என்றால் 800,000. மடிக்கணினி, சோதிக்க ஒரு பிறின்டர், பயணம் எல்லாம் 200,000. ஆக முதல் 10 இலட்சம். மென்பொருளை ஒரே தடவை விலையாக 45,000க்கு விற்கிறோம். கடைக்குப் போய்ப் பொருத்தி, பொருட்களைப் பதிந்து, பையனுக்குப் பழக்க 10,000 போகும். மிஞ்சுவது 35,000. "அப்ப 29 கடைக்கு வித்தா முதல் வந்திடும்" என்பார்கள்.

வராது. ஏனென்றால் விற்கும் காலத்திலும் வீடு சாப்பிட வேண்டும். மாதம் இரண்டு கடைக்கு விற்றால் 70,000. வீட்டுச் செலவுக்கே 30,000 குறை. எத்தனை வருடம் விற்றாலும் முதல் திரும்பாது. மாதம் மூன்று விற்றால் 105,000, மிச்சம் 5,000. அந்த வேகத்தில் 10 இலட்சத்தை எடுக்க 200 மாதம் வேண்டும்.

இப்போது இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு கடையும் ஆண்டுக்கு 15,000 பராமரிப்புக் கட்டணம் தருகிறது என்று வையுங்கள். முதல் வருடத்தில் 36 கடை. அதில் கால்வாசிப் பேர் விலகினாலும் 27 கடை, 405,000 ரூபாய். மாதத்துக்கு 33,750. மூன்றாம் வருடத்தில் இது ஏறத்தாழ இரட்டிக்கும். தொழிலைக் காப்பாற்றுவது புதிய விற்பனை அல்ல, பழைய வாடிக்கையாளர் தொடர்ந்து இருப்பதுதான் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. ஆகவே பழைய வாடிக்கையாளரின் போனை எடுக்காமல் புதியவரைத் தேடி ஓடுவது, இருக்கிற கிணற்றை மூடிவிட்டுப் புதுக் கிணறு வெட்டுவதுபோல.

ஆண்டுக் கட்டணம் எதற்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். குறித்த காலத்துக்குப் பாவனையையும் சேவையையும் கொடுத்துக் கூலி பெறுவது இஜாரா என்ற வகைக்குள் வரும். காலமும் கூலியும் சேவையின் எல்லையும் இரு தரப்புக்கும் தெரிந்திருப்பது அதன் நிபந்தனை. "எல்லாம் செஞ்சி தருவம்" என்று எழுதக்கூடாது. எந்த நேரத்தில் போன் எடுப்போம், எத்தனை நாளுக்குள் பிழை திருத்துவோம், எது கட்டணத்துக்குள் வராது என்று எழுத வேண்டும்.

கட்டாமல் விட்டால்? மென்பொருளைப் பூட்டிவிடுவது சிலரின் வழக்கம். புதிய பில் போடுவதை நிறுத்தலாம், அது நம் உரிமை. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு கடைக்காரருடையது. அதைப் பார்க்கவும், எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக்கொண்டு போகவும் எப்போதும் வழி இருக்க வேண்டும். அடுத்தவரின் கடன் கொப்பியை அடகு பிடிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இன்னுமொன்று. ரூபாயில் வாங்கி டொலரில் செலவழிக்கும் தொழிலில் எச்சரிக்கை வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. வெளிநாட்டுச் சேவையகத்துக்கு மாதவாடகை கட்டியவர்களுக்கு ஒரே அடியில் செலவு ஏறத்தாழ இரட்டித்தது. கடையிலேயே இயங்கி, பிரதியை மட்டும் வெளியே அனுப்பும் அமைப்பு இந்த வகையில் பாதுகாப்பானது.

விற்றல்

முதல் பத்துக் கடைகளை விளம்பரம் தராது. கால்தான் தரும். நான் கண்ட சில விடயங்கள்:

மாதிரி காட்டும்போது ஆயத்தமான படங்களைக் காட்டாதீர்கள். அந்தக் கடையின் இருபது பொருட்களைப் பதிந்து, அவருடைய பெயரோடு ஒரு பில்லை அடித்துக் கையில் கொடுங்கள்.

கடைக்காரருக்கு வசதியான நேரத்தில் போங்கள். நோன்பின் கடைசிப் பத்தில் புடவைக் கடைக்குப் போனால் ஸலாத்துக்குப் பதில் சொல்லவே நேரமிருக்காது. பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் போங்கள். நெரிசலில் பட்ட பாடு அப்போது மனதில் புதிதாக இருக்கும்.

பகுதிநேரக் கணக்காளர்கள் நல்ல வாசல். ஒரு கணக்காளர் பல கடைகளின் வரிக் கணக்கைப் பார்ப்பார். அவர் வேலையை இலகுவாக்கும் ஓர் அறிக்கையைச் செய்து கொடுத்தால் அவரே சொல்லி அனுப்புவார். தரகுப் பணம் கொடுப்பதாக இருந்தால் கடைக்காரருக்குத் தெரிந்து கொடுங்கள்.

முப்பது நாள் பாவித்துப் பார்க்கக் கொடுங்கள். வாங்கியபின் முறித்துக்கொள்ளும் நிபந்தனை உரிமைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் எல்லை மூன்று நாள். ஆனால் பணம் வாங்காமல் முப்பது நாள் கொடுப்பது இன்னும் விற்பனையே அல்ல, இரவல். அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை.

சில வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். ஒருமுறை பெரிய கடைக்காரர் ஒருவர் மூன்று கிளைகளுக்கும் வாங்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. "ரெண்டு கணக்கு வேணும் தம்பி. ஒண்டு எனக்கு, ஒண்டு வரிக்காரருக்கு. ஒரு பட்டன அமத்தினா மாறணும்." நான் மறுத்தேன். "ஒனக்கென்ன, செய்யிறது நாந்தானே" என்றார். அந்த மாதம் வீட்டில் சல்லி இருக்கவில்லை; மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேறொருவர் அதைச் செய்து கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பொத்தானை ஒரு கடைக்குச் செய்தால் அது பண்டத்துக்குள்ளேயே இருக்கும். அடுத்த முப்பது கடைக்கும் அதைத்தான் விற்றுக்கொண்டிருப்போம்.

கொப்பி அடித்தல்

"விக்கிற முதல் நாளே யாராவது கொப்பி அடிச்சிருவான்" என்பது எல்லோருக்கும் உள்ள பயம். இந்தப் பயத்துக்கு ஐம்பது வருட வயது. 1976 பெப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினியாளர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம், தங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் பாவிப்பதைத் திருட்டு என்று கண்டித்தது. ஆறு வருடம் கழித்து ஜிம் நொப்ஃபும், பீசி-டோக் செய்த அன்ட்ரூ ஃபுளூகல்மனும் நேர்மாறான வழியில் போனார்கள். கொப்பி எடுங்கள், கூட்டாளிக்கும் கொடுங்கள், பிரயோசனமாக இருந்தால் பணம் அனுப்புங்கள் என்றார்கள். ஷெயார்வெயார் என்று பின்னர் பெயர் பெற்ற முறை அது. பலர் அனுப்பவில்லை, ஆனால் ஒரு தொழிலை நடத்தப் போதுமான பேர் அனுப்பினார்கள்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை நூலைப் போலவே பாதுகாக்கிறது. இதற்குப் பதிவு தேவையில்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும். மார்க்க அடிப்படையில், 1988இல் குவைத்தில் கூடிய பிக்ஹ் அகடமி பதிப்புரிமை, வியாபாரப் பெயர், கண்டுபிடிப்பு ஆகியவற்றைப் பெறுமதியுள்ள உரிமைகளாக ஏற்று, அவற்றில் வரம்பு மீறக்கூடாது என்று தீர்மானித்தது.

ஆனால் இதைச் சொல்ல நமக்குத் தகுதி வேண்டும். திருட்டு விண்டோஸில், உடைத்த மென்பொருளால் செய்த பண்டத்தை விற்றுவிட்டு "என் மென்பொருளைக் கொப்பி அடிக்காதே" என்று சொல்வது எப்படி? இன்று அதற்கு அவசியமும் இல்லை. லினக்ஸ், போஸ்ட்கிரெஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இலவசம். எஸ்கியூலைட்டை எழுதிய ரிச்சர்ட் ஹிப் அதைப் பொதுவுடைமையாகவே விட்டிருக்கிறார். இலவசம் என்றாலும் சிலவற்றுக்கு நிபந்தனை உண்டு; உதாரணமாக ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை உங்கள் பண்டத்தோடு சேர்த்து விநியோகித்தால் உங்கள் நிரலையும் திறந்து கொடுக்க வேண்டிவரலாம். உரிமத்தை வாசித்த பிறகே சேருங்கள்.

பூட்டு ஒன்று போடலாம். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டாம். பில் நிற்கும் நேரத்தில் போன் எடுத்து "காக்கா, பதறாதீங்க, இதைச் செய்யுங்க" என்று சொல்லும் ஆளைக் கொப்பி அடிக்க முடியாது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம். நம் கூட்டு வியாபாரங்கள் அநேகம் எழுதாமலே நடக்கின்றன. இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து மென்பொருள் செய்தால் நிரல் யாருடையது, ஒருவர் வெளிநாடு போனால் பங்கு என்ன, செலவை யார் போட்டது என்று முதல் நாளே எழுதுங்கள். வேறு கொம்பனியில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு அந்த வேலையின் பகுதியாக எழுதினால், மாற்று உடன்பாடு இல்லாதவிடத்து உரிமை கொம்பனிக்கே போகும். வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பெயர் பதிந்தால்தான் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம்.

வாடிக்கையாளரின் பெயர், போன் இலக்கம், கடன் விபரம் எல்லாம் உங்கள் கையால் போகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. சட்டம் இல்லாவிட்டாலும், இன்னார் இவ்வளவு கடன் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது. அது அமானிதம்.

ஸகாத் கணக்கு

கடைசியாக ஒரு விடயம். ஒவ்வொரு வருடமும் நோன்பு நெருங்கும்போது கடைக்காரர்கள் கேட்பது ஸகாத் அறிக்கை. வெளிநாட்டு மென்பொருளில் இது பெரும்பாலும் இருக்காது. உள்ளூர்க்காரன் செய்து கொடுக்கலாம். ஆனால் இலகு என்று நினைக்கக் கூடாது.

சாதாரண கையிருப்பு அறிக்கை வாங்கிய விலையைக் காட்டும். வியாபாரப் பொருளுக்கு ஸகாத், கடமையாகும் நாளின் சந்தைப் பெறுமதியில் பார்க்கப்படுகிறது. 2022இல் சாமான் விலை ஏறியபோது இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி வந்தது. இராக்கை, தராசு, லொறி போன்றவை சேராது. திரும்பி வரும் என்று நம்பும் கடன்களைச் சேர்ப்பதா, எப்படி என்பதில் அறிஞர்களிடையே விபரங்கள் உண்டு. அதை மென்பொருள் தானே தீர்மானிக்காமல் கடைக்காரர் தெரிவு செய்ய விட வேண்டும். ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவு குறைவு. அதோடு நம் நாட்டில் மாதம் பிறை பார்த்துக் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தீர்மானிக்கப்படுவதால், சூத்திரத்தால் போட்ட நாட்காட்டி ஒரு நாள் பிசகலாம். திகதியைக் கையால் மாற்ற வழி வேண்டும்.

போன வருடம் அந்த ஹாட்வெயார் கடைக் காக்காவுக்கு இந்த அறிக்கையை முதல்முறை அடித்துக் கொடுத்தேன். விலையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் என் மென்பொருளை விடவில்லை. இப்போது மகனும் பழகியிருக்கிறார். தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். 2022க்குப் பிறகு கடனை அவர் இரண்டு இடத்திலும் எழுதுகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினார். இரண்டு இடத்தில் வித்தியாசம் இருந்தது. ஒன்று கொப்பியில் விட்டது. மற்றது என் பக்கம்: திருப்பிக் கொடுத்த சீமெந்தைக் கடனில் கழித்தாலும் கையிருப்பில் கூட்டாத ஒரு பிழை.

அன்று இரவே அதைத் திருத்தி, இருக்கிற எல்லாக் கடைக்கும் என்ன பிழை, எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்கு கடைக்காரர் தங்கள் ஸகாத் தொகையைத் திருத்திக்கொண்டார்கள். ஒருவர் மென்பொருளை விட்டுவிட்டார். காக்கா இன்னும் கொப்பியிலும் எழுதுகிறார். நான் அதை நிறுத்தச் சொல்வதில்லை.